நாலடி தூரத்தில் கைத்துப்பாக்கி: அல்சூர் நகைக்கடைக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் சின்னதாக ஒரு நகைக்கடை வைத்திருக்கிறேன், அடகும் பிடிக்கிறோம். லைசென்ஸோடு .32 ரிவால்வர் இருக்கிறது. ரேஞ்சில் பத்து மீட்டரில் நின்று நிதானமாகச் சுட்டால் அட்டையின் நடுவில் விழுகிறது. ஆனால் கடையில் எனக்கும் எதிரே நிற்பவருக்கும் இடையில் ஒரு கவுண்டர்தான், நாலடி இருக்கும். அந்தத் தூரத்தில் ஒருவன் பாய்ந்தால் எப்படிப் பிடிப்பது, குறி பார்க்க வேண்டுமா? நண்பர் ஒருவர் இடுப்பிலிருந்தே சுடு என்கிறார். இன்னொன்று, மதியம் சாப்பிடப் போகும்போது ரிவால்வரை மகனிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா?

பதில்: மகனைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். முதலில் அந்த நாலடி.

ரேஞ்சில் நீங்கள் பழகியது விளையாட்டுச் சுடுதல். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒற்றைக் கையை முழுதாக நீட்டி, மூச்சை நிறுத்தி, விசையை மெல்ல அழுத்துவது. அதில் நம் ஆட்கள் சாதித்தவர்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். ஆனால் அட்டை உங்கள் கையைப் பிடிக்காது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவன் பிடிப்பான். நாலடியில் கையை நீட்டினால் துப்பாக்கியை நீங்களே அவன் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

தூரத்தைப் பற்றி ஒரு பழைய கணக்கு உண்டு. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதியது. கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை, அதாவது ஆறரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தை, ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுகிறான். பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கு உறையிலிருந்து எடுத்துச் சுடவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். 21 அடிக்கே இந்தக் கதி என்றால் நாலடியில் நீங்கள் ரிவால்வரைத் தொடுவதற்குள் அவன் உங்கள் சட்டையைப் பிடித்திருப்பான்.

அதனால்தான் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாத கைக்கு முதல் வேலை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இடது கை தற்காக்க வேண்டும், தள்ள வேண்டும், ஓர் அடி இடைவெளியாவது உண்டாக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காமல் வலது கை இடுப்புக்குப் போனால் இரண்டு கையும் வீண். பெங்களூரில் என்னிடம் பழக வரும் வியாபாரிகள் அத்தனை பேரும் முதல் நாள் செய்வது ஒன்றேதான்: யாராவது சும்மா தோளைப் பிடித்துத் தள்ளினால் போதும், உடனே வலது கை உறையைத் தேடும். தலை திறந்து கிடக்கும். எதிரே நிற்பவன் அந்த மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினால் அதோடு கதை முடிந்தது.

சரி, எப்படிச் செய்வது? வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துப் பார்ப்போமே, அப்படி இடது கையைத் தூக்குங்கள். உள்ளங்கை உங்கள் தலையோடு ஒட்டியிருக்கட்டும், முழங்கை முன்னால் நீட்டி நிற்கட்டும். பாய்ந்து வருபவன் முகமோ நெஞ்சோ அந்த முழங்கையில் வந்து மோத வேண்டும். அதே நேரத்தில் நேராகப் பின்வாங்காமல் பக்கவாட்டில் ஓர் அடி நகருங்கள். நேராகப் பின்வாங்கினால் நாற்காலியில் தடுக்கி விழுவீர்கள். உங்கள் கடையில் கவுண்டருக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது, ஸ்டூல் எங்கே, பெட்டகத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

இடைவெளி கிடைத்த பிறகுதான் வலது கை. பிடியை உறைக்குள்ளேயே முழுதாகப் பிடித்துவிட வேண்டும், வெளியே எடுத்து அப்புறம் சரிசெய்துகொள்ள நேரம் இருக்காது. விசை விரல் விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே நேராக இருக்கட்டும். நேர் மேலே உருவி, வலது நெஞ்சுக்குக் கீழே, விலாவின் ஓரத்தில் நிறுத்துங்கள். கட்டைவிரல் பக்கம் நெஞ்சில் படும். மணிக்கட்டு விறைப்பாக, முழங்கை பின்னால் போயிருக்கும். குழல் எதிராளியை நோக்கி, சற்றே கீழே சாய்ந்திருக்கும். இந்த நிலையில் துப்பாக்கி உங்கள் உடம்போடு ஒட்டி இருப்பதால் பிடுங்குவது கடினம். குறி பார்க்கத் தேவையும் இல்லை, உங்கள் நெஞ்சு எங்கே திரும்புகிறதோ குழலும் அங்கேதான் பார்க்கும். எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஒரு நாள் விலாவில், மறுநாள் தொப்புளுக்கு நேரே என்றால் தோட்டா போகும் இடமும் மாறும்.

உங்கள் நண்பர் இடுப்பு என்று சொல்வது முழுத் தவறும் அல்ல, சரியும் அல்ல. 1920, 30-களில் ஷாங்காய் நகரப் போலீஸில் ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவர், குழல் நுனியில் இருக்கும் குறிமுனையைப் பார்க்காமல் எதிராளியைப் பார்த்தே சுடும் முறையை வளர்த்தார்கள். அந்தப் படையில் நம் பஞ்சாபிலிருந்து போன சீக்கியக் காவலர்களும் நிறையப் பேர். இருட்டுச் சந்து, சில அடி தூரம், ஒரு நொடி அவகாசம் என்ற நிலைமைக்காகப் பிறந்த முறை அது. சினிமாவில் வருவதுபோல இடுப்பில் வைத்து எங்கேயோ அள்ளி விடுவது அல்ல. உடம்பை எதிராளிக்கு நேராக நிறுத்துவார்கள், பிடியை இறுக்குவார்கள், துப்பாக்கியை உடம்பின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். தினமும் பழகினார்கள். பழகாதவர் இடுப்பிலிருந்து சுட்டால் நாலடியிலும் தவறும். உங்கள் தெருவில் தவறிய தோட்டா எதிர்க்கடைக் கண்ணாடியில்தான் நிற்கும், அதற்கு முன்னால் யாரும் நடந்து போகாமல் இருந்தால்.

எதிராளி ஏழெட்டு அடி தள்ளிப் போய்விட்டால் கணக்கு மாறுகிறது. அப்போது விலாவிலிருந்து துப்பாக்கியை நெஞ்சின் நடுவுக்குக் கொண்டுவந்து, இடது கையையும் சேர்த்து, இரண்டு கையாலும் முன்னே நீட்டலாம். நீட்டினால் குறிமுனை தானாகவே கண்ணுக்கு முன் வரும், வந்தால் பாருங்கள். இடது கை சேரும் இடம் முக்கியம்: அது குழலுக்கு முன்னால் ஒருபோதும் குறுக்கே வரக் கூடாது. நெஞ்சருகே சேர்ந்து, அங்கிருந்து இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும்.

உங்களிடம் இருப்பது ரிவால்வர் என்பதால் சில விஷயங்களை விரிவாகவே சொல்ல வேண்டும். தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது அதிலிருந்து கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலைப் பிடிப்பதுபோல இடது கட்டைவிரலை முன்னே நீட்டி வைத்தால் தோல் கிழியும். விலாவோடு வைத்துச் சுடும்போதும் மேல்பக்கத்தைக் கொஞ்சம் வெளியே சாய்த்து, சட்டையை விட்டுச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். சட்டையை வெளியே விட்டிருந்தால் இடது கையால் அதை மேலே தூக்கிய பிறகே உருவ வேண்டும். பாதி உருவிய ரிவால்வரில் சட்டை நுனி சுற்றிக்கொள்வதைப் பயிற்சியில் அடிக்கடி பார்க்கிறேன்.

ரிவால்வரில் ஒரு நன்மையும் உண்டு. எதிராளியின் உடம்பில் அழுந்தினாலும் அது வேலை செய்யும். பிஸ்டலை அப்படி அழுத்தினால் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு பின்னுக்குப் போய், சுடாமல் நின்றுவிடலாம். ஆனால் யாராவது உங்கள் சிலிண்டரை இறுக்கிப் பிடித்தால் அது சுழலாது, சுழலாவிட்டால் விசை வராது. விலாவோடு ஒட்டி வைக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ரிவால்வரின் பின்பக்கம் இருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துவிட்டுச் சுடும் பழக்கத்தை ரேஞ்சோடு விட்டுவிடுங்கள். இழுத்து வைத்தால் விசை மிக லேசாகிவிடும், பதற்றத்தில் தொட்டாலே வெடிக்கும். கான்பூர் தொழிற்சாலையில் செய்யும் .32 ரிவால்வரின் விசை, சுத்தியலை இழுக்காமல் அழுத்தினால் கனமாகத்தான் இருக்கும். அந்தக் கனம் உங்களுக்குப் பாதுகாப்பு. இன்னொரு காரணமும் உண்டு. மனிதனின் ஒரு கை எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மறு கையின் விரல்களும் தன்னையறியாமல் இறுகும். இடது கையால் ஒருவனைத் தள்ளிக்கொண்டோ பிடித்துக்கொண்டோ இருக்கையில் வலது விரல் விசையில் இருந்தால், நீங்கள் முடிவு செய்யாமலே தோட்டா போய்விடும். சுடுவதென்று முடிவெடுக்கும் நொடி வரை விரல் வெளியேதான்.

.32 சின்னத் தோட்டா. சினிமாவில் போல ஆளைத் தூக்கி எறியாது. பட்ட பிறகும் சில நொடிகள் அவன் மேலே வந்துகொண்டே இருக்கலாம், ஆகவே சுட்டுவிட்டோம் என்று நின்றுவிடாதீர்கள், நகர்ந்துகொண்டே இருங்கள். அவன் நின்றுவிட்டால், விழுந்துவிட்டால், திரும்பி ஓடினால் நீங்களும் நிறுத்திவிட வேண்டும். இது சட்டமும்கூட.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் தற்காப்புரிமை 34 முதல் 44 வரையான பிரிவுகளில் வருகிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தால் எதிராளிக்கு மரணம் விளைவிப்பது வரை போகலாம் என்கிறது பிரிவு 38. கொள்ளைக்கும் இரவில் வீடு உடைப்பதற்கும் பிரிவு 41 இடம் தருகிறது. ஆனால் பிரிவு 37 கடிவாளம் போடுகிறது: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை. சங்கிலியைப் பறித்துக்கொண்டு தெருவில் ஓடுபவன் முதுகில் சுட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் சுட்டவருடையது. அதேசமயம், உயிருக்குப் போராடும் நேரத்தில் ஒருவர் தன் எதிர்ச்செயலைத் தங்கத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உங்கள் தொழில்காரருக்கு இது சட்டென்று புரியும்.

அவன் ஏற்கெனவே உங்கள் மேல் துப்பாக்கியை நீட்டியிருந்தால்? எடுக்காதீர்கள். தங்கத்தைக் கொடுங்கள். நகைக்கடைகளுக்கென்றே ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசி என்ற காப்பீடு இருக்கிறது, பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் போன சரக்குக்கு வழி உண்டு.

துப்பாக்கியைக் கல்லாப்பெட்டியில் வைக்கும் பழக்கம் நிறையக் கடைகளில் இருக்கிறது. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. கொள்ளையடிக்க வருபவன் முதலில் திறக்கச் சொல்வதே கல்லாவைத்தானே. விசையை முழுதாக மூடும் கெட்டியான உறையில், இடுப்பில் வையுங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில், வெளியே தெரியாமல் மூடியிருக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகளும் சொல்கின்றன. நீங்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே வியாபாரம் செய்பவர் என்பதால், உட்கார்ந்தபடி உருவிப் பாருங்கள். வயிறு மடிந்து பிடி கைக்கு வராது, உருவும்போது குழல் சொந்தத் தொடையைக் கடக்கும். உறையைக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நகர்த்தி, முழங்காலை அகட்டி, குழல் காலைத் தொடாத வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். அது ஆளுக்கு ஆள், நாற்காலிக்கு நாற்காலி மாறும்.

பயிற்சிக்கு நிறையத் தோட்டா செலவழிக்க வேண்டாம், லைசென்ஸில் எழுதியதற்கு மேல் வாங்கவும் முடியாது. ரிவால்வரை மடக்கித் திறந்து, ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, செங்கல் சுவரைப் பார்த்து உருவிப் பழகுங்கள். ஷட்டர் போட்ட பிறகு, தனியாக. வேகம் வேண்டாம், மெதுவாகச் செய்யும்போது சரியாக வந்தால் போதும். இடது கையால் தள்ளும் பகுதியை மட்டும் ஒரு பயிற்சியாளரோடு, ரப்பர் துப்பாக்கி வைத்துப் பழக வேண்டும். உண்மைத் துப்பாக்கியை, காலியாக இருந்தாலும், யார் மேலும் நீட்டிப் பழகக் கூடாது.

ஒருவேளை சுட நேர்ந்துவிட்டால், 112-க்கு அழையுங்கள், அடிபட்டவனுக்கு ஆம்புலன்ஸும் கேளுங்கள். போலீஸ் உள்ளே வரும்போது ரிவால்வர் உங்கள் கையில் இருக்கக் கூடாது. காலித் தோட்டாக்கூடுகளையோ கீழே கிடக்கும் கத்தியையோ நகர்த்தாதீர்கள். கேமரா பதிவை யாரும் தொடவிடாதீர்கள். வக்கீல் வந்த பிறகு விவரமாகப் பேசிக்கொள்ளலாம்.

இனி மகன் விஷயம். கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் உங்களுக்குத் தரப்பட்டது, கடைக்குத் தரப்பட்டது அல்ல. முறைப்படி அனுமதி பெறாத ஒருவர், பெற்ற மகனே ஆனாலும், அதைத் தனியாக வைத்திருந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், அவர் மேலும் வரும், உங்கள் மேலும் வரும். அவரும் கடையில் உட்காருவார் என்றால் அவர் பெயரில் தனியாக விண்ணப்பிக்கட்டும், அதற்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அதுவரை நீங்கள் சாப்பிடப் போகும்போது ரிவால்வர் உங்களோடு வரும், இல்லையென்றால் தோட்டா தனி, துப்பாக்கி தனியாகப் பெட்டகத்தில் பூட்டி, சாவி உங்கள் பையில் இருக்கும். அந்த முக்கால் மணி நேரத்துக்கு மகன் கிரில் கதவைச் சாத்தி, வருபவரைப் பார்த்துத் திறக்கட்டும்.