பாறைக்குழியில கழிவு கொட்டுறாங்க, கிணத்து தண்ணி நிறம் மாறிடுச்சு, என்ன பண்ணலாம்?

கேள்வி: திருப்பூர் பக்கம் எங்க தோட்டத்துல இருந்து கால் கிலோமீட்டர்ல ஒரு பழைய பாறைக்குழி இருக்குதுங்க. குவாரி நிறுத்தி பல வருஷம் ஆச்சு. மூணு மாசமா ராத்திரியில டிப்பர்ல சேறு மாதிரி எதையோ கொண்டாந்து கொட்டுறாங்க. இப்ப கிணத்து தண்ணி லேசா மஞ்சளா இருக்கு, மாடு குடிக்க மாட்டேங்குது. கேட்டா பர்மிஷன் இருக்குங்கறாங்க. யாருகிட்ட போறது?

பதில்: முதல்ல அந்த தண்ணிய நீங்களும் குடிக்காதீங்க, மாட்டுக்கும் காட்டாதீங்க. காய்ச்சுனா சரியாயிடும்னு வீட்ல சொல்லுவாங்க, கிருமி இருந்தா சாகும், உப்பும் உலோகமும் எங்கயும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாத்தான் ஆகும்.

பாறைக்குழிய நாம எல்லாரும் வெறும் பள்ளம்னு நினைக்கிறோம், அங்கதான் தப்பே ஆரம்பிக்குது. உங்க பகுதி கடினப்பாறை பூமி, தண்ணி நிக்கறது பாறை வெடிப்புலயும் அதுக்கு மேல இருக்கற சிதைஞ்ச பாறையிலயும்தான். குவாரிக்காரங்க மேல் மண்ண வழிச்சு, சிதைஞ்ச பாறைய தள்ளிட்டு, வெடி வெச்சு கல்லு எடுத்திருப்பாங்க. அதாவது அழுக்க வடிகட்ட இருந்த மண்ணு போச்சு, வெடி அதிர்வுல புதுசா வெடிப்பும் விட்டிருக்கும். அது பள்ளம் இல்லைங்க, ஊத்துக்கண் திறந்து கிடக்கற பெரிய கிணறு. அதுல சேத்த கொட்டுனா, வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் கிணத்துக்கெல்லாம் போகும், பக்கத்து தோட்டத்துக்காரர் கிணறு நல்லா இருந்து உங்களுது மட்டும் கெடறதும் இதனாலதான்.

அது சாயப்பட்டறை ஸ்லட்ஜா, அதாவது சாயக் கழிவுநீர சுத்தம் பண்றப்ப மிஞ்சற சேறான்னு, நீங்க அனுப்புன போட்டோவ பாத்து அடிச்சு சொல்ல முடியாது. ஆனா 2011ல ஐகோர்ட் சாயப்பட்டறைங்கள மூட சொன்ன அப்புறம் ஜீரோ டிஸ்சார்ஜ்னு, அதாவது கழிவுநீர ஒரு சொட்டு கூட வெளிய விடாம சுத்தம் பண்ணி திரும்ப பயன்படுத்தற முறைக்கு, எல்லாரும் மாறுனாங்கல்ல, தண்ணி சுத்தமாச்சு சரி, அதுல இருந்த அழுக்கு ஸ்லட்ஜாவும் கலப்பு உப்பாவும் மூட்டை கட்டி நிக்குது, அத எங்கயாவது கொண்டு போய்த்தான் ஆகணும். முறையா போனா கும்மிடிப்பூண்டி மாதிரி இடத்துல இருக்கற பாதுகாப்பான நிலநிரப்புக்கு போகணும், அங்க அடியில களிமண், அதுக்கு மேல தண்ணி இறங்காத எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட், கசியற தண்ணிய இழுக்க பைப், சுத்தி கண்காணிப்பு போர்வெல் எல்லாம் உண்டு. அதுக்கு டன்னுக்கு இவ்வளவுன்னு காசு கட்டணும். பாறைக்குழிக்கு டிப்பர் வாடகை மட்டும்தான், அவ்வளவுதான் ரகசியம்.

இப்ப பர்மிஷனுக்கு வருவோம். எந்த பர்மிஷன்னு கேளுங்க. கனிமவளத்துறை குத்தகைன்னு காட்டுனா அது கல்லு எடுக்க குடுத்தது, கழிவு கொட்ட இல்ல. அபாயக் கழிவுன்னா 2016 விதிப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட அங்கீகாரம் வேணும், ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10ங்கற மேனிஃபெஸ்ட் வண்டியிலயே இருக்கணும், எங்க ஏத்துனது எங்க இறக்கறதுன்னு அதுல இருக்கும். அதனால வண்டி நம்பரும் நேரமும்தான் உங்க பெரிய ஆயுதம். ஆனா வண்டிய மறிச்சு சண்டைக்கு நிக்காதீங்க, ராத்திரி நேரம், தூரத்துல இருந்து லொகேஷனோட போட்டோ எடுத்தா போதும், சேத்துல கை வெக்கவும் வேண்டாம்.

1974 தண்ணீர் சட்டத்துல ஒரு விஷயம் பலருக்கு தெரியாது. அதுல நீரோடைங்கற வார்த்தைக்குள்ளயே நிலத்தடி நீரும் அடக்கம். 24ம் பிரிவுப்படி தெரிஞ்சே நீரோடையிலயோ கிணத்துலயோ நிலத்துலயோ மாசு விடறவர் மட்டும் இல்ல, விட அனுமதிக்கறவரும் குத்தவாளி, அதாவது குழிக்கு சொந்தக்காரரும் மாட்டுவார்.

தண்ணி டெஸ்ட்டுக்கு மூணு சாம்பிள் எடுங்க, உங்க கிணறு, குழிக்கு மேட்டுப்பக்கம் இருக்கற ஒரு கிணறு, பள்ளப்பக்கம் இன்னொன்னு. மேட்டுப்பக்க கிணறு இல்லாம போனா ‘இந்த ஊர் தண்ணியே இப்படித்தான்’னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. போர்வெல்னா பத்து நிமிஷம் ஓட விட்டு, கேன அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டு பிடிங்க. டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு), குளோரைடு மாதிரி சாதாரண டெஸ்ட்டுக்கு மாவட்ட குடிநீர் வாரிய லேப் போதும். உலோகத்துக்கு என்ஏபிஎல்ங்கற தேசிய அமைப்போட அங்கீகாரம் உள்ள லேப் வேணும், அதுக்கு ஆசிட் போட்ட தனி பாட்டில் அவங்களே தருவாங்க. மஞ்சள் நிறம்னு சொல்றதால ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்ங்கற, தண்ணிய மஞ்சளாக்கற விஷத்தன்மையுள்ள குரோமியம் வகைய கட்டாயம் கேளுங்க, அதுக்கும் பாட்டில தனியா கேட்டு வாங்குங்க. குடிநீர் தரத்துல மொத்த குரோமியமே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், டிடிஎஸ் வேற வழி இல்லாத இடத்துலயும் லிட்டருக்கு 2000 மில்லிகிராம் தாண்டக்கூடாது.

ஆனா நீங்களே எடுத்த ரிப்போர்ட்ட மட்டும் வெச்சு கேஸ் நிக்காது. அது எதைக் கேக்கணும்னு நீங்க தெரிஞ்சுக்க. மனுவுல ‘தண்ணீர் சட்டம் 21ம் பிரிவுப்படி மாதிரி எடுத்து பரிசோதிக்கவும்’னு ஒரு வரி எழுதுங்க, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் கலெக்டருக்கும் கனிமவளத்துறை உதவி இயக்குனருக்கும் ஒரே நாள்ல பதிவுத்தபால். கூடவே 10 ரூபா கட்டி ஆர்டிஐ, அந்த சர்வே நம்பர்ல கழிவு கொட்ட குடுத்த அங்கீகாரத்தோட நகல் வேணும்னு. 30 நாள்ல ‘அப்படி எதுவும் இல்லை’ன்னு பதில் வந்தா அதுவே உங்களுக்கு ஆதாரம்.

இன்னொன்னு, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு மேல மனுவா குடுத்துட்டே இருப்பாங்க, அதுக்குள்ள சுற்றுச்சூழல் வழக்குகள விசாரிக்கற தேசிய பசுமை தீர்ப்பாயம் போக வேண்டிய கெடு முடிஞ்சிடும். பிரச்சனை முதல்ல ஆரம்பிச்ச நாள்ல இருந்து 6 மாசம், நியாயமான காரணம் காட்டுனா கூட 60 நாள், மனு குடுத்ததால கடிகாரம் நிக்காது. நஷ்டஈடு கேக்க மட்டும் 5 வருஷம் டைம் உண்டு. தென்மண்டல அமர்வு சென்னையில இருக்கு, நஷ்டஈடு கேக்காத மனுவுக்கு கட்டணம் 1000 ரூபாதான். உங்களுக்கு ஏற்கனவே மூணு மாசம் போயிடுச்சுங்க, முதல் டிப்பர் வந்த தேதிய இன்னைக்கே ஒரு நோட்டுல எழுதி வெச்சுடுங்க.

மண்ணு போட்டு மூடிடறோம்னு சமாதானம் பேச வந்தா ஒத்துக்காதீங்க. ராணிப்பேட்டையில 90கள்ல மூடுன குரோமியம் ஃபேக்டரி கழிவு லட்சம் டன்னுக்கு மேல அங்கயே கிடந்து, பல வருஷம் கழிச்சும் நிலத்தடி நீர்ல மஞ்சளா இறங்கிட்டு இருந்துச்சு. சேத்த அள்ளி வெளிய கொண்டு போகணும், அந்த செலவு கழிவ உண்டாக்குன கம்பெனி தலையிலதான் விழணும், இத மனுவுலயே கேட்டுடுங்க.