கார்லோவி வாரி: ஊற்றில் குளிக்க முடியுமா?

செக் நாட்டின் வெந்நீர் ஊற்று நகரமான கார்லோவி வாரிக்கு, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் அம்மாவோடு போகிறீர்கள், சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றுபோல் கால் நனைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அங்கே தூண் மண்டபங்களில் உள்ள ஊற்றுகள் குடிப்பதற்கு மட்டும். குளியலுக்கு ஹோட்டலிலோ சிகிச்சை நிலையத்திலோ தனியாக, காசு கட்டி, முன்பதிவு செய்யவேண்டும்.

குடிப்பது இலவசம். மூக்குவைத்த பீங்கான் குவளை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்; கைப்பிடியே உறிஞ்சுகுழாய். வ்ரிட்லோ ஊற்று சுமார் 73 டிகிரி, நம் தே தாரிக் (பால் தேநீர்) சூடு! பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம். குவளையைக் குழாய் வாயில் முட்டவிடாமல் பிடித்து, நடந்துகொண்டே மெல்ல உறிஞ்சவேண்டும்.

பலர் தவறுவது இங்கேதான்: இலவசம் என்று ஒவ்வொரு ஊற்றிலும் ஒரு குவளை. தண்ணீரில் சோடியம் சல்பேட் இருக்கிறது, அது பேதி மருந்து. அப்புறம் தலைநகர் பிராக்குக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம், யோசித்துப் பாருங்கள். முதல் நாள் இரண்டு மூன்று வாய் போதும். அம்மாவுக்கு அதுகூட, சோடியம் அதிகம் என்பதால், பாலிகிளினிக்கில் கேட்டபிறகுதான். சூடான குளியலும் அப்படியே. அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும்.