புது ரைபிளில் கோளாறு: கடையா, கம்பெனியா?

கேள்வி: புதிதாக ஒரு போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைபிள் வாங்கினேன். சுட்ட பிறகு போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டின்) கைப்பிடி இறுகிக்கொள்கிறது, உள்ளங்கையால் தட்டித்தான் திறக்கிறேன். நூறு மீட்டரில் மூன்று குண்டுகளும் ஒரு கை அகலத்துக்குச் சிதறுகின்றன. கடைக்காரர், "இன்னும் ரெண்டு பெட்டி சுடுங்க, தானா பழகிடும்" என்கிறார். சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) நானே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்கவே கூடாது. தேய்த்துவிட்டால் அது தயாரிப்புக் குறை என்று நீங்கள் நிரூபிக்க வழியில்லை, வாரண்டியும் போய்விடும். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி: புது போல்ட் முன்னும் பின்னும் நகர்வதில் இருக்கும் சொரசொரப்பு பழகப் பழகக் குறையும். ஆனால் சுட்டவுடன் தட்டித் திறக்க வேண்டியிருப்பது பழகிப் போகிற சமாச்சாரம் அல்ல, காரணம் தெரிகிறவரை சுடுவதை நிறுத்துங்கள்.

சுட்ட தோட்டாக் கூடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறீர்களா? அவைதான் சாட்சி. கூட்டின் உடல் நெடுக ஒரே மாதிரி கீறல்கள் இருந்தால் சேம்பர் சரியாக மெருகேறவில்லை என்று சந்தேகிக்கலாம். பிரைமர் (கூட்டின் அடியில் ஊசி குத்தித் தீமூட்டும் சிறு மூடி) தட்டையாகிப் பரவியிருந்தாலோ துளை விழுந்திருந்தாலோ அழுத்தம் எல்லை மீறியிருக்கலாம், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளப்பான வளையம் தெரிந்தால் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அதிகமாக இருக்கலாம், அப்படிப்பட்ட கூடு வெடிக்கும்போதே இரண்டாகப் பிரியக்கூடும். ஹெட்ஸ்பேஸைக் கண்ணால் சொல்ல முடியாது, துப்பாக்கி மெக்கானிக்கிடம் 'கோ', 'நோ-கோ' என்று இரண்டு அளவுகோல் இருக்கும். முதலாவதன் மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன் மேல் மூடக் கூடாது. இன்னொன்று, துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் சேம்பரிலேயே கிடந்தாலும் போல்ட் இறுகும். அதைத் துடைத்தெடுப்பதில் தவறில்லை, அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

சிதறலுக்கு வருவோம். மெக்கானிக் பார்த்துச் சுடலாம் என்று சொன்ன பிறகே இதைச் சோதியுங்கள். குழலைக் குறை சொல்லும் முன் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) அடித்தகடு, வளையங்கள், துப்பாக்கியின் இரும்புப் பாகத்தைக் கட்டையோடு (தோளில் அணைக்கும் உடற்பகுதியோடு) பிணைக்கும் திருகுகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். குழல் கட்டையைத் தொடாதபடி அமைந்த மாடல் என்றால் இடையில் ஒரு காகிதத்தை நுழைத்து இழுங்கள், எங்கே சிக்குகிறதோ அங்கே கட்டை இடிக்கிறது. வேறு துப்பாக்கியில் நன்றாக வேலை செய்யும் ஸ்கோப்பை மாட்டிப் பாருங்கள், வேறு கம்பெனித் தோட்டாவும் போட்டுப் பாருங்கள். வேட்டைக் குழல் மெல்லியது, சூடேறினால் குண்டு விலகும், அதனால் ஆற விட்டுச் சுடுங்கள். ஒரு எம்.ஓ.ஏ. (துல்லியத்தைச் சொல்லும் கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது நூறு மீட்டரில் ஏறக்குறைய 29 மி.மீ., கம்பெனி அவ்வளவு துல்லியம் வரும் என்று எழுத்தில் கொடுத்திருந்தால் அதையே காட்டிக் கேளுங்கள்.

புகாரில் "துப்பாக்கி சரியில்லை" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். வரிசை எண், ரசீது, தோட்டாவின் பெயரும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும், சுட்ட கூடுகள், இலக்குத்தாள்கள், எத்தனையாவது குண்டைச் சுட்டபோது போல்ட் இறுகியது என்ற குறிப்பு, இவ்வளவும் சேர்த்துக் கம்பெனிக்கே எழுதுங்கள், கடைக்கு ஒரு நகல் போதும். தொழிற்சாலைத் தோட்டாவில்தான் சோதித்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். வீட்டில் நிரப்பிய தோட்டா என்றால் பெரும்பாலான கம்பெனிகள் அந்த இடத்திலேயே கையை விரித்துவிடும். துப்பாக்கியை உரிமம் பெற்ற டீலர் வழியாக, சட்டப்படி அனுப்புங்கள், ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, சேம்பரும் மேகசினும் காலி என்று இருமுறை பார்த்துவிட்டு. மாற்றுத் துப்பாக்கி தந்தால் வரிசை எண் மாறும், உரிமத்தில் அதைத் திருத்தாமல் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: சேஃப்டியை விடுவித்ததும் என் புது ரைபிள் தானாக வெடித்தது. ஒரே ஒரு முறைதான். விட்டுவிடலாமா?

பதில்: ஒரு முறையே அதிகம். இனி அதில் தோட்டா போடவே வேண்டாம். கம்பெனி திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது வெளியிட்டிருக்கிறதா என்று வரிசை எண்ணை வைத்துக் கேளுங்கள். 2014-இல் ரெமிங்டன், 700 மாடலின் ஒருவகை விசைக்காக அப்படித் திரும்ப அழைத்தது, பொருத்தும்போது பசை அதிகமாகிப்போனதால் விசை தொடாமலே வெடிக்கலாம் என்பதுதான் காரணம். முழுக்கக் காலி செய்த துப்பாக்கியில் போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, விசையை இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை எடுக்கும்போது சுடும் ஊசி விழுந்தால் கோளாறு உறுதி. விழாவிட்டால் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கோளாறு நினைத்த நேரத்தில் வருவதில்லை. விசைத் திருகை நீங்களே திருப்பிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

கேள்வி: கட்டையில் கீறல், கடைக்காரர் என் மேல் பழி போடுகிறார்.

பதில்: முதல் குண்டு சுடும் முன்பே படம் எடுத்திருந்தால் பேச்சே இல்லை. எடுக்கவில்லை என்றால், உண்மையைச் சொல்கிறேன், கிடைத்தால் லாபம் என்று கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.