அல்-பத்தானியின் ஆண்டுக் கணக்கில் 2 நிமிடம் குறைந்தது ஏன்?

கேள்வி: அல்-பத்தானியின் ஆண்டுக் கணக்கு பிழையானது என்கிறார்கள். பிறகு ஏன் இன்றுவரை இவ்வளவு புகழ்?

பிழை உண்மைதான், ஆனால் அதன் வேர் அவரிடம் இல்லை. சிரியாவின் ரக்காவில் 877 முதல் சுமார் 40 ஆண்டுகள் வானத்தை அளந்த அரபு வானியலாளர் அவர். சூரிய ஆண்டுக்கு அவர் கண்ட அளவு 365 நாள் 5 மணி 46 நிமிடம் 24 விநாடி. உண்மையில் 48 நிமிடத்துக்கும் சற்று மேல் வர வேண்டும்.

அவர் செய்த வழி இது: 882 செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நேரத்தைத் தாமே அளந்தார். பண்டைய கிரேக்க வானியலாளர் தாலமி கி.பி. 139-இல் பதிந்த அதே நிகழ்வோடு ஒப்பிட்டு, இடைப்பட்ட நாட்களை 743-ஆல் வகுத்தார். முறையில் குறையே இல்லை. தாலமியின் பதிவுதான் ஒரு நாளுக்கும் மேல் பிந்தியிருந்தது. அந்த ஒரு நாள் சொச்சத்தை 743-ஆல் வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 2 நிமிடம் சொச்சம் குறையும். தமது சொந்த அளவீட்டில் அவர் எவ்வளவு துல்லியமாக இருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தாலமி அசையாது என்று வைத்த சூரியனின் உச்சப் புள்ளி (சூரியன் பூமிக்கு மிகத் தொலைவில் இருக்கும் இடம்) நகர்ந்திருப்பதையும் அவரது அளவுகள் காட்டின. கோணக் கணக்குகளில், கிரேக்கர் கையாண்ட வட்ட நாண்களுக்குப் பதில் இந்திய வழியில் வந்த சைன் (sine) அளவைப் பயன்படுத்தினார்.

12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போன அவரது நூல் 1537-இல் நியூரம்பெர்க்கில் அச்சானது. கோப்பர்நிக்கஸ் 1543-இல் வெளியான தம் வானியல் நூலில் அவரைப் பலமுறை பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். 1693-இல்கூட ஆங்கிலேய வானியலாளர் ஹாலி அவரது பழைய பதிவுகளைத் திருத்தி வெளியிட்டார். நிலவில் ஒரு பெரும்பள்ளத்துக்கு அவரது லத்தீன் பெயரான அல்பதேக்னியஸ் சூட்டப்பட்டிருக்கிறது.