ஸ்லாட் இருக்கிறது, ஃபைபரைச் சொருகலாமா?

கேள்வி: புது ரூட்டரில் எஸ்.எஃப்.பி. ஸ்லாட் (சிறு மாட்யூலைச் சொருகும் துளை) இருக்கிறது. நெட் கம்பெனி வைத்த, ஃபைபர் ஒளியை நெட்டாக மாற்றும் ஓ.என்.டி. பெட்டியைக் கழற்றிவிட்டு, சாதாரண 1 ஜி (விநாடிக்கு 1 கிகாபிட்) ஃபைபர் மாட்யூல் வாங்கி நேராக ரூட்டரிலேயே சொருகலாமா?

பதில்: கூடாது. ‘சும்மா ஒரு தடவை’ சொருகிப் பார்ப்பதும் வேண்டாம். வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஜிபான் இணைப்பு. அதாவது, ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வைத்து 32, 64 வீடுகளுக்குப் பிரித்திருப்பார்கள். கம்பெனியிலிருந்து கீழே வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து மேலே போவது 1310. தன் முறை வரும்போது மட்டுமே ஓ.என்.டி. ஒளியை விடும். எல்.எக்ஸ். எனப்படும் சாதாரண 1 ஜி ஃபைபர் மாட்யூலும் அதே 1310-இல்தான் அனுப்புகிறது, ஆனால் இடைவிடாமல். உங்களுக்கு நெட் வராதது இருக்கட்டும், அதே ஸ்ப்ளிட்டரில் உள்ள அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் நெட் கட் ஆகிவிடும்.

வேண்டியது ‘ஜிபான் ஸ்டிக்’, ஓ.என்.டி.யையே விரல் அளவுக்குச் சுருக்கியது. வாங்குமுன் பழைய பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். ஈபான் (வேறொரு வகை ஃபைபர் முறை) என்றிருந்தால் ஜிபான் ஸ்டிக் ஒத்துவராது. அதிலேயே 12 இடம் கொண்ட ஜிபான் சீரியல் எண்ணும் இருக்கும். முதல் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரின் குறி. கம்பெனி முனையில் உள்ள ஓ.எல்.டி. கருவி இந்த எண்ணைப் பார்த்துத்தான் உள்ளே விடும். ஆகவே புது ஸ்டிக்கின் எண்ணை அவர்கள் பதிந்து தர வேண்டும். மறுத்தால் பணத்தை வீணாக்காதீர்கள். சம்மதித்தால் வி.லேன் எண்ணையும் (லைனில் உங்கள் நெட்டைப் பிரித்துக் காட்டும் எண்) பி.பி.பி.ஓ.ஈ. (நெட்டில் லாகின் செய்யும் முறை) பெயர், கடவுச்சொல்லையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஓ.என்.டி.யில் லேண்ட்லைன் போன் மாட்டியிருந்தால் ஸ்டிக்கில் அதற்கு இடமே இல்லை.

பச்சைத் தலை உள்ள கேபிள் பச்சைத் துளைக்குத்தான். அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலத் துளையில் சொருகினால் ஒளி வீணாகும், முனையும் கெடும்.

கேள்வி: ஸ்டிக்கில் 2.5 ஜி என்று போட்டிருக்கிறது. ரூட்டரில் 10 ஜி ஸ்லாட். ஆனாலும் 1 ஜி-தான் காட்டுகிறது. ஏன்?

பதில்: பல 10 ஜி ஸ்லாட்டுகளுக்கு 1, 10 என்ற இரண்டு வேகம்தான் தெரியும், நடுவில் உள்ள 2.5 தெரியாது. ரூட்டரின் விவரப் பட்டியலில் ‘2500 பேஸ்-எக்ஸ்’ (2.5 ஜி வேகத்தின் பெயர்) என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். உங்கள் பிளான் 900 எம்.பி.பி.எஸ்.ஸுக்குள் என்றால் இதற்காக ரூட்டரை மாற்றுவது வீண்செலவு.

கேள்வி: 10 ஜி ஈத்தர்நெட் மாட்யூல் (சாதாரண லேன் கேபிள் மாட்டுவது) தொட முடியாமல் சுடுகிறது, அடிக்கடி கட் ஆகிறது.

பதில்: அது சுமார் 2.5 வாட் இழுக்கும். பல ஸ்லாட்டுகள் 1.5 வாட்டுக்கே செய்யப்பட்டவை. இரண்டு முனையிலும் எஸ்.எஃப்.பி.+ (10 ஜி வகை) ஸ்லாட் இருந்து, தூரம் 3 மீட்டருக்குள் என்றால் டி.ஏ.சி. கேபிள் (இரு முனையிலும் மாட்யூல் சேர்ந்தே வரும் செப்புக் கேபிள்) போடுங்கள். ஈத்தர்நெட்டேதான் வேண்டுமென்றால் பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக விட்டு, ரூட்டரை மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.