எண்ணக் குறிப்பேடா, செயல் அட்டவணையா: தம்பிக்கு எது முதலில்?

மனச்சோர்வில் இருக்கும் உங்கள் தம்பிக்கு, எந்த நேரத்தில் என்ன செய்வது என்று எழுதி வைக்கும் செயல் அட்டவணைதான் முதலில். மனசில் ஓடும் எண்ணங்களை எழுதி அவை சரியா என்று சோதிக்கும் எண்ணக் குறிப்பேட்டை இப்போதைக்கு மூடி வைக்கலாம், ஆனால் ஆலோசகரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தும் தம்பி பாம்பன் கரைப்பக்கமே போகவில்லை, நோட்டில் ஒரு வரி எழுதினாலே அழுகிறார் என்கிறீர்கள். மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போது எண்ணங்களை எழுதச் சொன்னால் சிலர் அதிலேயே சுழல்வார்கள், இதுவும் அதுவாக இருக்கலாம். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். 1996-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப்சனின் குழு ஒப்பிட்டபோது, செயல்தூண்டல் (அட்டவணை போட்டுச் செயல்களில் இறங்க வைக்கும் முறை) மட்டும் பெற்றவர்களும், எண்ணங்களையும் செயல்களையும் சேர்த்து மாற்றும் முழு சிபிடி சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே தேறினார்கள்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள்: காலையில் கரைக்கு நடை, அப்புறம் அரை மணி நேரம் கிழிந்த வலையைச் சரிசெய்வது. மனசு வந்தால் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது, நேரமானால் கிளம்ப வேண்டும். முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று மட்டும் ஒரு தாளில் குறிக்கட்டும். கொஞ்சம் ஏறினாலும் குறிப்பேட்டைத் திரும்ப எடுக்கலாம், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்பதற்கு எதிர்ச்சான்று அந்தத் தாளிலேயே கிடைக்கும்.

மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் அட்டவணையெல்லாம் அப்புறம். தனியாக விடாமல் உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கும் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.