டைப்ஸ்கிரிப்ட் எரரை எடிட்டர்ல வாசிக்கிறது எப்படிங்க? கேள்வி பதில்

சரவணம்பட்டி: ஏனுங்க, விஎஸ் கோடு எடிட்டர்ல டைப்ஸ்கிரிப்ட் (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) எழுதறப்ப சிவப்புக் கோட்டு மேல மவுஸை வச்சா ஒரு பக்கத்துக்கு எரர் கொட்டுது. எங்கிருந்து படிக்கிறதுங்க?

பதில்: அடியில இருந்துங்க. முதல் வரி முழு டைப்பையும், அதாவது மதிப்பு என்ன வகைங்கறதை, காட்டும். அப்புறம் ஒவ்வொரு வரியும் உள்ளே தள்ளி, ஒரு படி ஆழமாப் போகும். திருப்பூர் பனியன் ஆர்டர் ஆப்புன்னா, மேல ஆர்டர் முழுசும் நிக்கும்; கடைசியில 'டைப் ஸ்ட்ரிங் இஸ் நாட் அசைனபிள் டு டைப் நம்பர்'னு (நம்பர் வேண்டிய இடத்துல எழுத்து வந்திருக்குது) இருக்கும். அதுக்கு முந்தின வரி எந்த ப்ராபர்ட்டியில, அதாவது ஆப்ஜெக்ட்டோட எந்த உள் பேருல, சண்டைன்னு சொல்லும். அந்த ரெண்டு வரியைப் பிடிச்சாப் போதும்.

பீளமேடு: ப்ரிட்டி டைப்ஸ்கிரிப்ட் எரர்ஸ் எக்ஸ்டென்ஷன் போட்டும் நடுவுல மூணு புள்ளி வச்சு மறைக்குதுங்களே?

பதில்: அந்த எக்ஸ்டென்ஷன், கம்பைலர் (கோடைச் சரி பார்க்கற டைப்ஸ்கிரிப்ட் ப்ரோகிராம்) தந்த எழுத்தைத்தான் வரி பிரிச்சு நிறம் போடும். கம்பைலரே வெட்டினதை அதால மீட்க முடியாதுங்க. ப்ராஜெக்ட்டோட செட்டிங் இருக்கற டிஎஸ்கான்ஃபிக் ஃபைல்ல, கம்பைலர் ஆப்ஷன்ஸ் கீழ, எரரை வெட்டாதேங்கற நோ எரர் ட்ரங்கேஷனை ட்ரூ ஆக்குங்க. மாற்றம் தெரியலைன்னா கமாண்ட் பேலட்ல ரீஸ்டார்ட் டிஎஸ் சர்வர் கொடுங்க. பெரிய யூனியன் (இதுவோ அதுவோங்கற டைப்) இருந்தா எரர் தாங்காத நீளத்துக்குப் போயிரும். பார்த்து முடிச்சதும் எடுத்துருங்க.

கோபி: மவுஸைத் தொடாம அடுத்த எரருக்குப் போக?

பதில்: எஃப்8. மொத்தமாப் பார்க்க கன்ட்ரோல் ஷிஃப்ட் எம்.

ஈரோடு: மஞ்சள் ஏல ஆப்புங்க. நாலு டைப்பை இன்டர்செக்ஷன்ல (எல்லா டைப்பும் ஒண்ணாப் பொருந்தோணும்ங்கற & குறி) சேர்த்திருக்கறேன். எரர்ல எதுக்கும் எதுக்கும் சண்டைன்னே புரியலைங்க.

பதில்: இங்க எடிட்டர்ல செட்டிங் தேடறது வீண், டைப்பை எழுதின விதத்தை மாத்தோணும். ஆப்ஜெக்ட்டுகளைச் சேர்க்க, இன்டர்ஃபேஸ் (ஆப்ஜெக்ட் வடிவத்துக்குப் பேர் வைக்கறது) எழுதி எக்ஸ்டெண்ட்ஸ் (இன்னொரு வடிவத்தை அதுல சேர்க்கற சொல்) போடுங்க. எரர்ல அந்தப் பேரே வரும், உள்ளிருக்கறதெல்லாம் கொட்டாது. இன்னொரு பெரிய லாபமும் இருக்குதுங்க. ஒரு டைப்புல விலை ஸ்ட்ரிங், இன்னொண்ணுல நம்பர்னா, இன்டர்செக்ஷன் சத்தமில்லாம விலையை நெவர் (எந்த மதிப்பும் பொருந்தாத டைப்) ஆக்கிரும். எரர் எங்கியோ தூரத்துல, மதிப்புக் கொடுக்கற இடத்துல வெடிக்கும். எக்ஸ்டெண்ட்ஸ் போட்டா அறிவிக்கற இடத்துலயே மாட்டும். யூனியனுக்கு மட்டும், டைப்புக்குப் பேர் வைக்கற டைப் அலியாஸ்தான் வழி. ஃபங்க்ஷனுக்கு ரிட்டர்ன் டைப்பை (அது திருப்பித் தர்ற மதிப்போட டைப்) கையால எழுதுங்க. தப்பு ஃபங்க்ஷனுக்குள்ளயே தெரியும், கூப்பிடற பக்கம் தாவாது. கான்ஃபிக் மாதிரி ஆப்ஜெக்ட்டுக்கு டைப்ஸ்கிரிப்ட் 4.9ல வந்த சாட்டிஸ்ஃபைஸ் (டைப்புக்குப் பொருந்துதான்னு மட்டும் பார்க்கற சொல்) நல்லா உதவும்: பொருந்தாத ப்ராபர்ட்டி மேலயே கோடு விழும், மதிப்போட குறுகின, துல்லியமான டைப்பும் தொலையாது.

பொள்ளாச்சி: டிஎஸ்2769ங்கற எரர் வருது, 'நோ ஓவர்லோட் மேட்சஸ் திஸ் கால்'. சொல்ற காரணத்துக்கும் என் கோடுக்கும் சம்பந்தமே இல்லீங்க.

பதில்: ஓவர்லோட் (ஒரே ஃபங்க்ஷனைக் கூப்பிடற வேற வேற வடிவம்) நிறைய இருந்தா கம்பைலர் கடைசி ஓவர்லோடோட காரணத்தை மட்டும் காட்டும். நீங்க நினைச்சது இரண்டாவதா இருக்கும், அதனால குழப்பம். ஃபங்க்ஷனுக்குக் கொடுத்த அந்த மதிப்பை (ஆர்க்யூமென்ட்) தனி வேரியபிளா எடுத்து, நினைச்ச ஓவர்லோடோட டைப்பை அதுக்கு எழுதுங்க. 2769க்குப் பதிலா, வேரியபிள் வரியில பெரும்பாலும் நேரான 2322 (டைப் பொருந்தலைங்கற எரர்) வரும். சரி பண்ணினதும் பழையபடி உள்ளே வச்சுக்கலாமுங்க.